வாசகர் கேள்வி பதில்: பெண்களின் உழைப்பும் நாட்டின் உற்பத்தித்திறனும்

உழைக்கும் வயதில் உள்ள உலகப் பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களே ஊதியம் தரும் வேலையில் இருக்கிறார்கள் அல்லது அத்தகைய வேலையைத் தேடுகிறார்கள்; ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேருக்கும் மேல். இந்த இடைவெளி குறையும்போது உற்பத்தித்திறன் கூடும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பெண்கள் அதிகமாக வேலைக்கு வந்தால் மொத்த உற்பத்தி கூடும் என்பது புரிகிறது. உற்பத்தித்திறன் எப்படிக் கூடும்? உழைப்பவர்களின் எண்ணிக்கை பெருகுவதும் ஒவ்வொருவரின் உழைப்பும் கூடுதல் பயன் தருவதும் வேறு வேறு அல்லவா?
— பொருளியல் படிக்கும் மாணவி ஒருவர்

வேறு வேறுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதுவது பரவலாகிவிட்டதால் உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். மக்கள் உழைத்த மொத்த மணிநேரத்தை, ஒரு மணிநேரத்தில் சராசரியாக உருவாகும் மதிப்பால் பெருக்கினால் கிடைப்பது நாட்டின் மொத்த உற்பத்தி. புதிதாக ஒரு கோடிப் பெண்கள் வேலைக்கு வந்தால் முதல் எண் கட்டாயம் கூடும். இரண்டாவது எண்ணான உற்பத்தித்திறன் கூடலாம், அப்படியே நிற்கலாம், சில ஆண்டுகளுக்குக் குறையவும் செய்யலாம். இயந்திரங்களும் முதலீடும் பழைய அளவிலேயே இருக்க ஆட்கள் மட்டும் கூடினாலோ, புதிதாக வருபவர்கள் எல்லாரும் மதிப்புக் குறைந்த வேலைகளுக்குள்ளேயே அடைக்கப்பட்டாலோ, சராசரி இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துப் பெண்களின் திறமையை எடைபோடக் கூடாது.

அப்படியிருந்தும் உற்பத்தித்திறன் கூடும் என்று நான் எழுதியதற்கு அடிப்படை, யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதுதான். அறுவை மருத்துவத்துக்கு மிகப் பொருத்தமான திறமையுடன் பிறந்த நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேர் பெண்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அந்த ஐம்பது பேருக்கும் கல்லூரிக் கதவு மூடப்பட்டால், அவர்களுக்கு அடுத்த நிலையில் உள்ள ஐம்பது ஆண்கள் அந்த இடங்களை நிரப்புவார்கள். மருத்துவர்களின் எண்ணிக்கையில் ஒன்றும் குறையாது. குறைவது மருத்துவத்தின் தரம். இப்படி ஒவ்வொரு தொழிலிலும் நடக்கும் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் இழப்பாகப் பதிவாவதில்லை என்பதால்தான் இவ்வளவு காலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1960இல் மருத்துவர்களிலும் வழக்கறிஞர்களிலும் 94 சதவீதம் பேர் வெள்ளையின ஆண்கள். 2010இல் அது 62 சதவீதமாகக் குறைந்தது. இந்த மாற்றத்தை ஆராய்ந்து சாங்-தாய் ஷே, எரிக் ஹர்ஸ்ட், சார்லஸ் ஜோன்ஸ், பீட்டர் கிளெனோ ஆகியோர் 2019இல் வெளியிட்ட கட்டுரை, அந்த ஐம்பது ஆண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் சந்தை உற்பத்தி வளர்ந்ததில் 20 முதல் 40 சதவீதம் வரை, பெண்களும் கறுப்பின மக்களும் தங்கள் திறமைக்குரிய தொழில்களுக்குச் செல்ல முடிந்ததன் விளைவு என்று மதிப்பிட்டது. எத்தனை பெண்கள் வேலைக்கு வந்தார்கள் என்பதோடு நின்றுவிடாமல், எந்த வேலைக்கு வர முடிந்தது என்றும் கேட்டால்தான் உற்பத்தித்திறனைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது. கீழே உள்ள பதில்களிலும் இதை மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

விடியுமுன் எழுந்து இரவு வரை வேலை செய்கிறேன். மாமியாருக்கு நடமாட்டம் இல்லை. இரண்டு சிறு குழந்தைகள். கணக்கெடுக்க வந்தவர் என்னைத் தொழிலாளர் தொகுப்பில் இல்லாதவர் என்று குறித்துக்கொண்டு போனார். நான் செய்வது உழைப்பு இல்லையா?
— இல்லத்தரசி ஒருவர்

உழைப்புதான், அம்மா. அதில் ஐயம் வேண்டாம். மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர் 1934இலேயே இதற்கு ஓர் எளிய சோதனையைச் சொன்னார்: ஒரு செயலை நமக்காக வேறொருவரைப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்ல முடியுமானால் அது உற்பத்தி சார்ந்த வேலை. உங்களுக்காக வேறொருவர் உறங்க முடியாது. உங்கள் மாமியாரை வேறொருவர் குளிப்பாட்ட முடியும். ஆகவே உறங்குவது வேலை அன்று, குளிப்பாட்டுவது வேலை.

ஆனால் நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறை ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறது. வீட்டுத் தேவைக்காக விளைவிக்கும் தானியம் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும். அதைச் சமைப்பதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் வெளியே நின்றுவிடும். இதில் உள்ள முரணை ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ நூறாண்டுக்கு முன்பே சுட்டிக்காட்டினார்: ஒருவர் தம் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடுகிறது, அந்தப் பெண் முன்பு செய்த அதே வேலைகளைத் தொடர்ந்து செய்தாலும். 2013இல் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு ஒரு திருத்தம் செய்தது. ஊதியமில்லாத வீட்டுப் பணியையும் பராமரிப்புப் பணியையும் வேலை என்றே அது ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலைவாய்ப்பு என்ற சொல்லை ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ செய்யப்படும் வேலைக்கு மட்டும் ஒதுக்கியது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் கேட்டது இரண்டாவது கேள்வியை மட்டும்தான். முதல் கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அவருடைய தாள் நிறைந்திருக்கும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் நேரப் பயன்பாட்டுக் கணக்குகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத பராமரிப்பு வேலையில் ஒவ்வொரு நாளும் 1,640 கோடி மணிநேரம் செல்கிறது. இருநூறு கோடிப் பேர் நாளுக்கு எட்டு மணிநேரம் ஊதியமின்றி உழைப்பதற்கு இது சமம். இதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேல் பெண்களுடையது. குறைந்தபட்சக் கூலியில் மதிப்பிட்டால்கூட உலக மொத்த உற்பத்தியில் 9 சதவீதம் வரும்.

மற்ற வாசகர்களுக்கும் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களைப் போன்ற ஒருவர் வெளி வேலைக்குச் சென்று, அவருடைய வீட்டுப் பணியைச் சம்பளத்துக்கு இன்னொருவர் செய்யத் தொடங்கினால், புள்ளிவிவரத்தில் இரண்டு வேலைகள் புதிதாக முளைக்கும். அவற்றில் ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலை. ஆகவே பெண்கள் வேலைக்கு வருவதால் ஏற்படும் வளர்ச்சியை முழுமையாகப் புதுச் செல்வம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்காக ஆதாயம் ஏதுமில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு நாளில் பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முடியும். அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் தங்களுக்குத் தெரிந்த தொழில்களுக்குச் செல்ல முடியும். வீட்டு வேலையின் நேரத்தையே குறைக்கும் வசதிகளின் பயன் இதைவிடத் தெளிவானது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் ஊர்களுக்கு மின்சாரம் வந்ததை ஆராய்ந்து டேரின் டின்கல்மன் 2011இல் எழுதிய கட்டுரை, விறகு சேர்ப்பதிலும் அடுப்பூதுவதிலும் கழிந்த நேரம் மிச்சமானதால் பெண்களின் வேலைவாய்ப்பு ஏறத்தாழ 9 சதவீதப் புள்ளிகள் உயர்ந்ததாகக் காட்டுகிறது.

ஐஸ்லாந்துப் பெண்கள் 1975 அக்டோபர் 24ஆம் நாள் வீட்டு வேலை, அலுவலக வேலை இரண்டையும் நிறுத்திவைத்தார்கள். பத்துக்கு ஒன்பது பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஆலைகளும் பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. தந்தையர் பிள்ளைகளைத் தம் பணியிடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். சம உரிமைச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது. உங்கள் உழைப்புக்கு மதிப்பு உண்டா என்ற ஐயம் எழும்போதெல்லாம் அந்த ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளாக வேலையின்றி இருக்கிறான். இந்த நிலையில் பெண்களையும் வேலைக்கு வரச் சொன்னால் ஆண்களின் வாய்ப்பு மேலும் குறையாதா?
— ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்

உங்கள் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. நாட்டில் இத்தனை வேலைகள்தான் இருக்கின்றன, ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்கு இல்லை என்ற எண்ணம் ஒரு குறிப்பிட்ட அலுவலகத்தின் ஒரு குறிப்பிட்ட பணியிடத்தைப் பொறுத்தவரை உண்மை. முழுப் பொருளாதாரத்துக்கும் அதைப் பொருத்தினால் தவறாகிவிடுகிறது. சம்பாதிப்பவர் செலவழிக்கிறார், அவர் வாங்கும் ஒவ்வொன்றும் இன்னொருவரின் வேலை. அமெரிக்கத் தொழிலாளர்களில் 1950இல் பத்துக்கு மூவர் பெண்கள். 2000இல் அது ஏறத்தாழப் பாதி. பெண்கள் வந்ததால் ஆண்கள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் வேலையின்மை பெருகியிருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளின் வேலையின்மை விகிதம் முறையே 5.3 சதவீதமும் 4 சதவீதமும்தான்.

குறுகிய காலத்தில் பாதிப்பே இருக்காது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் சென்றபோது அமெரிக்க மாநிலங்களில் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்ததை ஆராய்ந்த டாரன் அசெமோக்லு, டேவிட் ஆட்டர், டேவிட் லைல் ஆகியோர், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் அழுத்தம் ஊதியங்களில் தெரிந்ததைக் கண்டார்கள். பெண்களின் ஊதியமே அதிகமாகக் குறைந்தது. ஆண்களுடையதும் ஓரளவு குறைந்தது. முதலீடு பெருகவும் புதிய தொழில்கள் தோன்றவும் காலம் வேண்டும். உங்கள் மகனுக்கு வேலை கிடைக்காமல் இருப்பதற்குக் காரணத்தை அந்த முதலீட்டிலும், அவர் பெற்ற பயிற்சிக்கும் கேட்கப்படும் பயிற்சிக்கும் உள்ள இடைவெளியிலும் தேட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணை வேலைக்குப் போகாமல் தடுத்துவிட்டால் அந்த இடைவெளி மூடிவிடாது.

வயலில் நாங்களும் ஆண்களுக்கு இணையாகப் பாடுபடுகிறோம். ஆனாலும் பெண்கள் பார்க்கும் நிலத்தில் விளைச்சல் குறைவு என்கிறார்கள். இது உண்மையா?
— விவசாயம் செய்யும் வாசகி ஒருவர்

பல நாடுகளில் அளந்து பார்த்தபோது குறைவாகத்தான் இருந்தது. ஆனால் காரணம் பாடுபடும் கைகளில் இல்லை. நிலத்தின் உரிமை பெண்ணின் பெயரில் இல்லாததால் கடன் கிடைப்பதில்லை. கடன் இல்லாததால் நல்ல விதையும் உரமும் கருவியும் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. விவசாய ஆலோசனை சொல்ல வருபவர் வீட்டு ஆணிடம் பேசிவிட்டுப் போய்விடுகிறார். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை, இந்த வசதிகள் ஆண்களுக்குக் கிடைக்கும் அளவு பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களுடைய நிலங்களின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை உயரும் என்றும், பசியில் வாடுவோரின் எண்ணிக்கை 12 முதல் 17 சதவீதம் வரை குறையக்கூடும் என்றும் கணக்கிட்டது. புதிதாக ஒரு பெண்ணைக்கூட வேலைக்கு அழைக்காமலே, ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவர்களைக் கொண்டே பெறக்கூடிய உயர்வு இது. முதல் கேள்வி கேட்ட மாணவி இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

முப்பது பேர் வேலை செய்யும் தொழிற்கூடம் நடத்துகிறேன். நன்றாகப் பயிற்சி கொடுத்த பெண்கள் குழந்தை பிறந்ததும் விலகிவிடுகிறார்கள். என் உற்பத்தித்திறன் குறைகிறது. அடுத்த முறை பெண்களைச் சேர்க்க நான் தயங்கினால் அது தவறா?
— சிறுதொழில் முனைவர் ஒருவர்

பயிற்சி கொடுத்த ஒருவரை இழப்பது உண்மையான இழப்பு. ஆனால் தயங்குவது தவறு என்றே சொல்வேன். அதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பாளி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஹென்ரிக் கிளெவன், காமில் லாண்டே, யாக்கோப் சோகார்டு ஆகியோர் டென்மார்க் குடும்பங்களின் வருமானத்தைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் இருவரின் வருமானக் கோடுகளும் இணையாகவே செல்கின்றன. குழந்தைக்குப் பின் பெண்ணின் கோடு சரிந்து, நெடுங்காலம் கழித்தும் ஏறத்தாழ 20 சதவீதம் கீழேயே நிற்கிறது. ஆணின் கோட்டில் குழந்தை பிறந்ததற்கான அடையாளமே இல்லை. பெண்ணுரிமைக்குப் பெயர்பெற்ற ஒரு நாட்டிலேயே நிலைமை இதுதான்.

விடுப்புக்கால ஊதியத்தை யார் தருவது என்பது உங்களைப் போன்ற சிறு முதலாளிகளுக்கு முக்கியமான கேள்வி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை குறைந்தது 14 வாரம் விடுப்பு வேண்டும் என்கிறது. அந்தச் செலவைச் சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும், பொதுவாகத் தனி முதலாளியின் தலையில் நேரடியாகச் சுமத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இது பெண்களுக்கும் நல்லது. முழுச் சுமையும் முதலாளி மேல் விழும் இடத்தில், பெண்களைச் சேர்க்கவே கூடாது என்ற தயக்கம் வளர்கிறது. பாதுகாக்க வந்த சட்டமே அவர்களுக்குத் தடையாகிவிடுகிறது.

உங்கள் கையில் இருப்பது வேலையை ஒழுங்குபடுத்தும் முறை. 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், எந்த நேரமும் கூப்பிட்டால் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் வேலைகளைப் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். நீண்ட நேரம் இருப்பவருக்கு அவை மிக அதிகமாகத் தருகின்றன, மற்றவரை ஒதுக்கிவிடுகின்றன. இதற்கு மாறான நிலைக்கு அவரும் லாரன்ஸ் கேட்ஸும் காட்டும் எடுத்துக்காட்டு அமெரிக்க மருந்தாளுநர் தொழில். முன்பு தனி ஒருவர் கடையை நடத்தினார், அவருக்கு மட்டுமே வாடிக்கையாளரின் விவரம் தெரிந்திருந்தது. மருந்துகள் தரப்படுத்தப்பட்டு, விவரங்கள் கணினியில் பதிவானபின், ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. இன்று அந்தத் தொழிலில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். குறைந்த நேரம் வேலை செய்பவருக்கு மணிநேர ஊதியம் குறைவதும் அங்கே மிகச் சிறிது.

உங்கள் தொழிற்கூடத்தில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வேலையையும் இருவருக்குக் கற்றுக்கொடுத்து, முறைகளை எழுதிவைத்து, குழந்தை பெற்றவர் சில மாதங்கள் பாதி நேரம் வர வழிசெய்தால், அவர் விலகுவது குறையும். ஓர் ஆண் நோயுற்று ஒரு மாதம் வராதபோதும் அதே ஏற்பாடு உங்களைக் காப்பாற்றும்.

இயக்குநர் குழுவில் பெண்கள் இருந்தால் நிறுவனத்தின் இலாபம் கூடும் என்பது நிரூபிக்கப்பட்டதா?
— வணிக மேலாண்மை மாணவர் ஒருவர்

இல்லை. இலாபம் ஈட்டும் நிறுவனங்களில் பெண் இயக்குநர்கள் அதிகம் இருப்பதைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. எது காரணம், எது விளைவு என்பதை அவை காட்டுவதில்லை. பெண்களுக்கு 40 சதவீத இடம் கேட்டு நார்வே 2003இல் இயற்றிய சட்டத்தின் விளைவை ஆராய்ந்தவர்களே ஒருவருக்கொருவர் மாறுபட்ட முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தகுதியுள்ளவருக்கு இடம் தருவதை இலாபத்தைக் காட்டித்தான் நியாயப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாடு செழித்தால் பெண்கள் தாமாக வேலைக்கு வந்துவிட மாட்டார்களா?
— ஆசிரியர் ஒருவர்

செழிப்பு மட்டும் அதைச் செய்வதில்லை. கோல்டின் இரு நூற்றாண்டுகளின் அமெரிக்கப் பதிவுகளைத் தேடித் தொகுத்தபோது, வேளாண்மைக் காலத்தில் உயரமாக இருந்த மணமான பெண்களின் பங்கேற்பு, ஆலைகள் வந்தபோது சரிந்து, அலுவலக வேலையும் சேவைத் துறையும் பெருகியபின் மீண்டும் ஏறியதைக் கண்டார். வீடும் வேலையிடமும் வெவ்வேறு இடங்களாகப் பிரிந்ததே சரிவுக்குக் காரணம். இன்றும் தான்சானியா போன்ற ஏழை நாட்டில் பத்துக்கு ஏழுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கிறார்கள். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க நாடுகளில் சராசரியாக ஐந்தில் ஒருவர் அளவே. சட்டமும் வழக்கமும் குறுக்கே நிற்கும்போது செழிப்பு மட்டும் அவற்றை அகற்றிவிடாது. அயர்லாந்து அரசுப் பணியில் மணமான பெண் விலகியாக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது.

எனக்கு அடுத்த மாதம் குழந்தை பிறக்க இருக்கிறது. மனைவி தொடர்ந்து வேலைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். அரசு செய்ய வேண்டியது எது, நான் செய்ய வேண்டியது எது?
— இளைஞர் ஒருவர்

குழந்தை நலமாகப் பிறக்க வாழ்த்துகள். அரசிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, நம்பி விடக்கூடிய குழந்தைக் காப்பகம். கனடாவின் கியூபெக் மாநிலம் 1997இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களை நடத்தத் தொடங்கியது. தாய்மார்கள் வேலைக்குச் செல்வது தெளிவாகக் கூடியது. ஆனால் இடங்களைப் பெருக்கிய வேகத்தில் தரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் அமையவில்லை. சில குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கட்டணத்தைக் குறைப்பதோடு கடமை முடிந்ததாக எந்த அரசும் கருதக் கூடாது. இரண்டாவது, வரி. கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி போடும் முறையில், குறைவாகச் சம்பாதிப்பவரின் முதல் நாணயமே உயர்ந்த வரி விகிதத்தில் அகப்படும். ஸ்வீடன் 1971இல் தனித்தனி வரிக்கு மாறியது.

உங்களுடைய பங்குக்கு வருகிறேன். அதே ஸ்வீடனில் பெற்றோர் விடுப்பை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று 1974இலேயே சட்டம் வந்தது. ஆனால் தந்தையர் அதில் மிகச் சிறு பங்கையே எடுத்தார்கள். 1995இல் ஒரு மாதத்தை, தந்தை எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே கிடைக்காது என்று மாற்றியபின்தான் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று 480 நாளில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் அப்படி ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கிறதோ தெரியாது. கிடைப்பதில் ஒரு பகுதியை மனைவி வீட்டில் இருக்கும்போதே எடுத்து முடித்துவிடாமல், அவர் வேலைக்குத் திரும்பும் முதல் வாரங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு தனியாக இருக்கும் அந்த நாட்களில்தான் எந்த அழுகை பசிக்கானது, எந்த அழுகை தூக்கத்துக்கானது என்று நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். பிறகு காப்பகத்திலிருந்து அழைப்பு வரும்போது அது மனைவியின் எண்ணுக்கு மட்டும் போகாது.